ஆறு புத்தகம், நாலு வகை

கேள்வி: வயது 38. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாளிலிருந்து தமிழ் மாத நாவல் படித்தவள். ஈப்போவில் மலிவு விற்பனையில் ஆறு ஆங்கில நாவல்களை 60 வெள்ளிக்கு வாங்கினேன். ஆறுமே சூனியக்காரிக் காதல் கதைகள். ஒன்றைச் சிரித்துக்கொண்டே முடித்தேன். இரண்டை 50 பக்கத்திலேயே மூடிவிட்டேன். ஒன்றில் “நான்” என்று பேசுவது யார் என்றே பிடிபடவில்லை. இன்னொன்றில் படுக்கையறைக் காட்சி பக்கம் பக்கமாக வருகிறது. படிவம் 3 படிக்கும் மகளும் அதே அலமாரியில்தான் கை வைக்கிறாள். பற்றாக்குறைக்கு, “சூனியப் புத்தகம் வீட்டில் இருக்கக் கூடாது” என்கிறார் மாமியார். பொழுதுபோக்குக்குத்தான் படிக்கிறேன். விட்டுவிடவா? — ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, விட வேண்டாம். உங்கள் ஆங்கிலத்திலும் குறை இல்லை. ஒன்றைச் சிரித்துக்கொண்டே முடித்தவருக்கு மற்ற ஐந்தும் எட்டாத உயரத்தில் இல்லை. அட்டையில் பிறை நிலாவும் துடைப்பமும் கறுப்புப் பூனையும் இருந்ததால் ஆறும் ஒரே வகை என்று நினைத்துவிட்டீர்கள். அந்த அட்டைகளுக்குள் குறைந்தது நாலு வகைக் கதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகையும் வாசகருக்கு ஒவ்வொரு வாக்குக் கொடுக்கிறது. பாயசம் என்று நினைத்து ரசத்தைக் குடித்தால், நல்ல ரசமும் கெட்டுப்போனதாகத்தான் தெரியும்.

முதல் வகை பாராநார்மல் ரொமான்ஸ். இதில் காதல்தான் முதுகெலும்பு; மந்திரம் அதற்குத் தடையாகவோ துணையாகவோ வரும். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கமே இரண்டு நிபந்தனை சொல்கிறது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆகவே இந்த வகையில் “சேர்வார்களா?” என்ற கவலையே வேண்டாம். எப்படிச் சேர்கிறார்கள் என்பதுதான் சுவை. நீங்கள் முடித்த நாவல் பெரும்பாலும் இதில் வேடிக்கை கலந்த பிரிவாக இருக்கும்: சிறு நகரம், பாட்டி விட்டுப்போன கடை, முன்கோபக்கார நாயகன், தவறிப்போன ஒரு மந்திரம்.

இரண்டாவது கோஸி மிஸ்டரி. பேக்கரியோ தேநீர்க் கடையோ நடத்தும் மாயக்காரி, பேசும் பூனை, முதல் சில அத்தியாயங்களில் ஒரு பிணம். கொலை அந்தப் புத்தகத்திலேயே துலங்கிவிடும், காதல் மட்டும் ஆமை நடை போடும். முதல் முத்தத்துக்கே மூன்றாம் புத்தகம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். காதலுக்காக இதை எடுத்தவர் ஏமாந்துபோவார்.

மூன்றாவது அர்பன் ஃபேண்டஸி: பெருநகரம், இருட்டு, சண்டை. நாயகி ஒரு தொழிலாக ஆவிகளையும் அசுரர்களையும் எதிர்கொள்பவள். அவளுடைய கதை பல பாகம் ஓடும், காதல் ஓரமாக வரும், சோகமாகவும் முடியலாம். நான்காவது, இப்போது கடைகளில் குவிந்து கிடக்கும் ரொமான்டசி: வேறு உலகம், அரச வம்சம், போர், தீர்க்கதரிசனம். 500 பக்கத்துக்குக் குறையாத புத்தகங்கள் அதிகம். முதல் 50 பக்கம் ஊர்ப் பெயரும் குலப் பெயருமாகவே போகும், கடைசிப் பக்கத்தில் பாதிக் கதையில் தொங்கவிடும். நீங்கள் மூடிவைத்த இரண்டும் இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லேசான வாசிப்புக்கு இது தோதுப்படாது. மூடியது சரியான முடிவுதான்.

இதைக் கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். முன்னட்டையை நம்ப வேண்டாம், பின்னட்டையைப் படியுங்கள். முதல் பத்தியில் அவள், இரண்டாம் பத்தியில் அவன், கடைசி வரியில் “இருவரும் என்ன செய்வார்கள்?” என்று இருந்தால் ரொமான்ஸ். ஒருத்தி பெயரும் ஒரு பிணமும் மட்டும் இருந்தால் மிஸ்டரி. நாயகி பெயரும் ஒரு நகரமும் அவள் தொழிலும் வந்து, ஆண் பெயர் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அர்பன் ஃபேண்டஸி. ராஜ்யம், சாபம், சிம்மாசனம் என்ற சொற்கள் முதல் மூன்று வரிக்குள் வந்தால் ரொமான்டசி. பிறகு உள்ளே ஏதாவது ஒரு நடுப்பக்கத்தைத் திறந்து பேச்சு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் பாதியாவது உரையாடல் இருந்தால் லேசாக ஓடும்.

அடுத்தது தொடர் வரிசை. மலிவு விற்பனைக்கு வருவது பதிப்பகங்களில் தேங்கிய பிரதிகள் என்பதால், முதல் பாகம் இல்லாமல் மூன்றாம் பாகம் மட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள். தலைப்புப் பக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ அதே ஆசிரியரின் மற்ற நூல்கள் வரிசையாக அச்சாகியிருக்கும், அங்கே பாருங்கள். ஒரே ஊர், பாகத்துக்கு ஒரு ஜோடி (அக்கா கதை, தங்கை கதை, தோழி கதை) என்றால் எங்கிருந்தும் தொடங்கலாம். முந்தைய ஜோடி கல்யாணமாகி வந்து நிற்பார்கள், நஷ்டம் அவ்வளவுதான். எல்லாப் பாகத்திலும் ஒரே நாயகி என்றால் முதல் பாகம் கிடைக்கும்வரை தொடவே வேண்டாம்.

“நான்” யார் என்ற குழப்பத்துக்கு மருந்து சுலபம். இந்த நாவல்களில் பல, ஓர் அத்தியாயம் அவள் வாயாலும் அடுத்த அத்தியாயம் அவன் வாயாலும் சொல்லப்படுகின்றன. அத்தியாய எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். கண் அதைத் தாண்டிவிட்டால் அந்த அத்தியாயம் முழுக்கத் தடுமாற்றம்தான். மாத நாவலில் கதையை ஆசிரியரே சொல்லிப் பழகியதால் நமக்கு அந்தப் பெயரைப் பார்க்கும் வழக்கம் இல்லை. இரவில் படிப்பை நிறுத்தும்போதும் அத்தியாயம் முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் விட்டால் மறுநாள் இதே குழப்பம் திரும்ப வரும்.

வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த வகை ரொமான்ஸ் சுமார் 80,000 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் போனால் 20 நிமிடத்தில் 3,000 சொல், ஏறக்குறைய ஓர் அத்தியாயம். 27 இரவுகளில் புத்தகம் முடிந்துவிடும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் கதையின் சூடு ஆறிவிடும். ஒரே சொல் மூன்றாம் முறை வந்தால் மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் கொஞ்சம்தான். “கவன்” என்றால் மாயக்காரிகளின் குழு. “ஃபமிலியர்” அவளோடு மனம் ஒட்டிய துணைப் பிராணி. “ஹெக்ஸ்” கெடுதல் செய்யும் ஏவல், “சார்ம்” சின்ன நன்மைக்கான மந்திரம். “வார்ட்” என்பதற்கு நம்மிடமே அச்சான சொல் உண்டு: வீட்டுக்குப் போடும் “கட்டு”. அக்டோபர் 31 இரவில் தொடங்கும் பண்டிகை ஒன்று அடிக்கடி வரும். எழுத்தைப் பார்த்தால் “சம்ஹைன்” என்று வாசிக்கத் தோன்றும், உச்சரிப்போ “சாவின்”. அயர்லாந்தின் பழைய அறுவடை முடிவு நாள் அது. நமக்கு இலையுதிர்காலம் கிடையாது என்பதால் பூசணியும் உதிரும் இலையும் ஏன் இத்தனை பக்கம் வருகின்றன என்று புரியாமல் போகலாம். அந்தக் கதைகளில் அது வெறும் வர்ணனை இல்லை, நாள் நெருங்க நெருங்க மந்திரத்தின் வலு கூடுகிறது என்று சொல்லும் கடிகாரம். 2024-இல் நம் தீபாவளியும் அதே அக்டோபர் 31-இல்தான் வந்தது.

இன்னோர் இடத்திலும் பலர் புத்தகத்தை மூடுவார்கள். முக்கால் பங்கு தாண்டியதும், 300 பக்க நாவலில் 225 முதல் 240-ஆம் பக்கத்துக்குள், ஜோடி பிரியும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அவள் மறைத்து வைத்த மந்திர விஷயம் அவனுக்குத் தெரியவரும். எழுத்தாளர் கை தேர்ந்தவர் என்றால் இந்தப் பிரிவுக்கான விதை முதல் அத்தியாயங்களிலேயே இருக்கும். இல்லையென்றால் இரண்டு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் சண்டையை 40 பக்கம் இழுப்பார். அப்படி இழுத்தால் அந்த அத்தியாயங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு முடிவுக்குப் போங்கள், பாவமில்லை. மந்திரத்துக்கு விலை உண்டா என்றும் கவனியுங்கள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவள் எதையாவது இழந்தால் (தூக்கமோ, நினைவோ, ஒரு நாள் பேச்சோ) கதை நிற்கும். விரலைச் சொடுக்கினால் எல்லாம் நடக்கும் என்றால் பாதியிலேயே சப்பென்று போய்விடும். “நாம் விதியால் பிணைக்கப்பட்டவர்கள்” என்று முதல் சந்திப்பிலேயே முடிச்சுப் போடும் கதைகளிலும் இதே சிக்கல்தான்: காதல் வளர்வதைப் பார்க்கத்தானே புத்தகத்தை எடுத்தோம்?

மகள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சினிமாவுக்குப் போல நாவலுக்கு வயது முத்திரை கட்டாயம் இல்லை. ஒரு காலத்தில் வெற்று மார்போடு நாயகன் நின்றால் உள்ளே என்ன இருக்கும் என்று அட்டையே சொல்லிவிடும். இப்போது பளிச்சென்ற நிறத்தில் கார்ட்டூன் ஜோடி வரைந்த அட்டைக்குள்ளும் வெளிப்படையான காட்சிகள் இருக்கின்றன. சிறுவர் புத்தகம் போலத் தோன்றுவதால் பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். வாசகர்கள் இதை “கதவு” கணக்கில் சொல்வார்கள்: கதவு மூடியது என்றால் முத்தத்தோடு காட்சி நகர்ந்துவிடும், கதவு திறந்தது என்றால் எல்லாம் பக்கத்தில் வரும். வாங்கிய ஆறிலும் பாதிக்குப் பிறகான அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்து, திறந்த கதவுப் புத்தகங்களை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். பொது அலமாரியில் கோஸி மிஸ்டரிகளை வையுங்கள். படுக்கையறைக் காட்சி, கோரமான ரத்தம், கெட்ட வார்த்தை மூன்றையும் தவிர்ப்பது அந்த வகையின் எழுதாத சட்டம். மகளுக்காகவே வாங்குவதென்றால் யங் அடல்ட் (பதின்ம வயதினருக்கான நூல்கள்) அடுக்கில் தேடுங்கள், அதிலும் பின்னட்டையைப் படித்த பிறகு. எடுத்துவிட்ட புத்தகத்தைப் பற்றி அவள் கேட்டால் “இது பெரியவர்களுக்கு எழுதியது, 18 ஆனதும் படி” என்று நேராகச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் ஒளித்தால் முதலில் தேடப்படுவது அந்தப் புத்தகம்தான்.

மலிவுப் பிரதிகளை அலமாரியில் வைக்கும் முன் ஓரங்களில் வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காற்றை அழுத்தி எடுத்து ஜிப் பையில் மூடி ஃப்ரீசரில் நாலு நாள் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர் ஈரக் காற்று குளிர்ந்த தாளில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். வருமான வரி கட்டுபவர் என்றால் புத்தக ரசீதையும் எடுத்து வையுங்கள். 2,500 வெள்ளி வாழ்க்கைமுறைக் கழிவில் நாவலும் சேரும்.

மாமியாருக்கு வருவோம். அவர் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. தோட்டத்தில் செய்வினை, ஏவல் என்ற பேச்சு எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். “சூனியக்காரி கதை” என்று நீங்கள் சொன்னதும் அவர் மனதில் வந்து நிற்பது அந்தப் பேச்சுத்தான். இந்த நாவல்களின் நாயகியோ வேறு பிறவி. 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியம் என்று பழிசுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். (அங்கே எரித்தார்கள் என்று பல நாவல்களில் வரும், அது தவறு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை.) அப்படிப் பழி சுமந்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, மூலிகை தெரிந்த, அக்கம்பக்கத்துக்கு உதவும் பெண்ணாக நிறுத்துவதுதான் இந்தக் கதைகளின் வேலை. ஆகவே “சூனியம்” என்ற சொல்லை வீட்டில் விட்டுவிடுங்கள். “மருந்து தெரிந்த பாட்டியின் பேத்தி கதை” என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

பிறகு ஒரு மாலையில், நீங்கள் முடித்த அந்த நாவலில் சமையலறைக் காட்சி ஏதாவது இருந்தால், தமிழில் வாயாலேயே சொல்லிக் காட்டுங்கள். இந்தக் கதைகளில் நாயகி வாசற்படியில் ஒரு கோடாக உப்பு தூவுவாள், ரோஸ்மேரிக் கொத்தைக் கதவில் கட்டுவாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டவருக்கும், நிலைப்படியில் வேப்பிலை செருகியவருக்கும் அது அந்நியமாக இருக்காது. அந்த இடத்தில் நிறுத்தி, “அத்தை, உப்பு எதுக்கு?” என்று அவரையே கேளுங்கள்.