பீரியட்ஸ் நாள்ல ஜிம்முக்குப் போகலாமா? ஒரு பி.டி. டீச்சரோட பதில்

கேள்வி இதுதான்: "ஜிம்ல புதுசா சேர்ந்திருக்கேன், பீரியட்ஸ் அன்னிக்கு எக்சர்சைஸ் பண்ணலாமா? பண்ணினா ப்ளீடிங் அதிகமாகும், கர்ப்பப்பை இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க, நெஜமா?"

தாராளமா பண்ணலாம். ப்ளீடிங் அதிகமாகாது, கர்ப்பப்பையும் இறங்காது. ஆனா இத ஒரே வரியில முடிச்சுட்டுப் போக எனக்கு மனசு வரல. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ்ல மான்குட்டி மாதிரி ஓடிட்டு இருந்த புள்ளைங்க வயசுக்கு வந்து சடங்கு முடிஞ்சு திரும்பி வரும்போது "மிஸ் வீட்ல வேணாம்ங்கறாங்க"ன்னு சொல்லிட்டு கிரவுண்டை விட்டே போயிடறத வருஷா வருஷம் பார்க்கறேன். அதனால இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன்.

வலி எதனால வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. கர்ப்பப்பையோட உள்பக்க லேயர் உரிஞ்சு வரும்போது புராஸ்டாகிளாண்டின்னு ஒரு ரசாயனம் சுரக்குது, அதுதான் கர்ப்பப்பைத் தசையை இறுக்கி இறுக்கி விடுது, இறுகும்போது அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கொறையுது, அதுதான் அடிவயித்துல சுருட்டிப் பிடிச்சு இடுப்பு, தொடை வரைக்கும் இறங்கற வலி. சில பேருக்கு அன்னிக்கே லூஸ் மோஷன், குமட்டல் எல்லாம் வர்றதுக்கும் இதேதான் காரணம். முதல் நாள், ரெண்டாம் நாள் உச்சத்துல இருக்கும், அப்பறம் தானா அடங்கிடும். நடந்து உடம்பு சூடானா இறுகிக் கெடந்த தசை கொஞ்சம் தளருது, எண்டார்ஃபின் மாதிரி உடம்பே சுரக்கற வலி நிவாரணியும் கைகொடுக்குதுங்கறாங்க.

2019ல மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பார்க்கற காக்ரேன் அமைப்பு இதப் பத்தி அதுவரைக்கும் வந்த 12 ஆய்வுகள, மொத்தம் 854 பெண்கள, ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க. வாரத்துக்கு மூணு தடவையாவது, ஒவ்வொரு தடவையும் 45லேருந்து 60 நிமிஷம் எக்சர்சைஸ் பண்றவங்களுக்கு பீரியட்ஸ் வலி நல்லாவே கொறையலாம்னு வந்துது, அதுவும் வேகமா பண்ற ஏரோபிக்ஸ் மட்டுமில்ல, யோகா ஸ்ட்ரெட்சிங் மாதிரி மெதுவா பண்றதுலயும். ஆய்வுகளோட தரம் சுமார்தான்னும் அதுலயே சொல்லியிருக்காங்க, அதனால இத மந்திரம் மாதிரி நம்ப வேணாம். ஆனா இதுல இருக்கற முக்கியமான சங்கதி "ரெகுலரா". மாசம் பூரா சும்மா உக்காந்துட்டு வலி வந்த அன்னிக்கு மட்டும் ட்ரெட்மில்ல ஏறினா பெருசா ஒண்ணும் நடக்காது.

நேர்ல பார்த்த ஒண்ணச் சொல்றேன். கோகோ டீம்ல ஒம்பதாங்கிளாஸ் புள்ள ஒருத்தி, காலைல ப்ராக்டிஸுக்கு வந்துட்டு வேப்பமரத்தடியில பேக்கை வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருந்தா. என்னடான்னு கேட்டா "வயித்த வலிக்குது மிஸ்"ங்கறா, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, காலைல ஒண்ணும் சாப்பிடல. முதல்ல ரெண்டு இட்லிய சாப்பிட வச்சேன், வெந்நீர் குடுத்தேன், கொஞ்ச நேரம் கழிச்சு "வாடா என் கூட சும்மா நடந்து வா"ன்னு கிரவுண்டைச் சுத்தி மெதுவா கூட்டிட்டுப் போனேன். முதல் ரவுண்ட்ல பேசவே இல்ல, கையை வயித்துலயே வச்சிருந்தா. ரெண்டாவது ரவுண்ட்ல கையை எடுத்துட்டா. மூணாவதுல அவளே கதை பேச ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கு ஓட விடல, உக்காந்து எந்திரிக்கற ப்ராக்டிஸும் குடுக்கல, ஓரமா நின்னு ஸ்ட்ரெட்ச் பண்ணிட்டு மத்தவங்களுக்கு பாய்ண்ட் எழுதினா. மறுநாள் முழு ப்ராக்டிஸ் பண்ணினா. இவ்ளோதாங்க விஷயம், அந்த ஒரு நாளைக்கு லோடை கொறைக்கணுமே தவிர ஆளையே அனுப்பிடக் கூடாது.

ப்ளீடிங் அதிகமாகற மாதிரி தோணறது எதனாலன்னா, படுத்துட்டோ உக்காந்துட்டோ இருக்கும்போது உள்ள தேங்கறது எந்திரிச்சு நடந்ததும் ஒரே நேரத்துல இறங்குது. குதிக்கும்போது சளக்குனு வர்றதும் அதுதான். வர்ற நேரம் மாறுதே தவிர மொத்த அளவு கூடறதில்ல. ஒரு தடவை பீரியட்ஸ் வந்து முடியறதுக்குள்ள சராசரியா 30, 40 மில்லிதான் போகும், பார்க்கறதுக்குத்தான் ஜாஸ்தியா தெரியும். கர்ப்பப்பை இறங்கறதுங்கறது பிரசவம், வயசு, வருஷக்கணக்கா இருக்கற மலச்சிக்கல், தீராத இருமல், எப்பவும் மூச்சை அடக்கி பாரம் தூக்கற பழக்கம் இதுகளால வர்றது, பீரியட்ஸ் நாள்ல ஸ்குவாட் பண்ணினதால வராது.

சரி, பர்ஃபார்மன்ஸ் கொறையுமா? 2002ல பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் சிகாகோ மாரத்தான்ல 2 மணி 17 நிமிஷம் 18 செகண்ட்ல ஓடி பெண்கள் உலக சாதனை பண்ணாங்க, அன்னிக்கு பீரியட்ஸ் வலியோடதான் ஓடினேன்னு அவங்களே சொன்னாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கி நாலாவது இடம், வெண்கலம் 200 கிலோவுக்குப் போச்சு, ஒரே ஒரு கிலோ. அன்னிக்கு பீரியட்ஸோட மூணாவது நாள், கொஞ்சம் பலவீனமா இருந்துதுன்னு அவங்க வெளிப்படையா சொன்னாங்க. டிவியில அத அவங்க சொன்னப்போ எனக்குக் கண் கலங்கிடுச்சு, இத்தன பெரிய வீராங்கனை இத மறைக்காம சொல்றாங்களேன்னு. 2016 ரியோவுல சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் ரிலே முடிஞ்சு தண்ணியிலிருந்து வந்ததும் நேத்து பீரியட்ஸ் வந்துடுச்சுன்னு டிவியிலயே சொன்னதும் அப்படித்தான். 2020ல 78 ஆய்வுகளச் சேர்த்துப் பார்த்ததுல பீரியட்ஸோட ஆரம்ப நாள்கள்ல திறன் ரொம்ப ரொம்ப லேசா கொறையலாம், ஆளுக்கு ஆள் மாறும், அதனால பொதுவா ஒரு விதி போட முடியாதுன்னுதான் முடிவு வந்துது. இப்ப இன்ஸ்டாவுல மாதவிடாய் சைக்கிளோட எந்த வாரம் எந்த எக்சர்சைஸ்னு சார்ட் போட்டு விக்கறாங்களே, அதுக்குக் காசு குடுக்காதீங்க. எந்த நாள் உடம்பு எப்படி இருந்துதுன்னு எழுதிக்க உங்க நோட்புக் ஒண்ணு போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலை குடுக்கறது ரத்தசோகை. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேபடி (என்எஃப்ஹெச்எஸ்-5) இந்தியாவுல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துது, தமிழ்நாட்டுல 53.4 சதவீதம். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல! பீரியட்ஸ் டைம்ல ஜிம்ல தலை சுத்துது, படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குதுன்னா பழிய பீரியட்ஸ் மேல போட்டுட்டு விட்றாதீங்க, ஹீமோகுளோபின் பாருங்க, 12க்குக் கீழ இருந்தா அதுதான் முதல்ல சரி பண்ண வேண்டியது. டாக்டர் அயர்ன் மாத்திரை குடுத்தா சாப்பாட்டோடயே டீ காபி குடிக்காதீங்க, அது இரும்பை உடம்பு எடுத்துக்க விடாது, எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யா இதெல்லாம் சேத்துக்கிட்டா நல்லா எடுத்துக்கும். ஸ்கூல்ல வாராவாரம் குடுக்கற நீல அயர்ன் மாத்திரைய எங்க புள்ளைங்க குமட்டுதுன்னு சொல்லி ஜன்னல் வழியா வீசிடுவாங்க, அதனால மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் என் கண்ணு முன்னாடி முழுங்கச் சொல்லுவேன். வீட்ல பொண்ணு இருந்தா நீங்களும் கேளுங்க, மாத்திரை போட்டியான்னு.

அடுத்தது டிரெஸ், பாத்ரூம். யாரும் பேச மாட்டாங்க, ஆனா பாதி பேர் விளையாடறத நிறுத்தறது வலியால இல்ல, கறை பட்டுடுமோங்கற பயத்தாலதான். நெறைய ஸ்கூல்ல வாரத்துல ஒரு நாள் வெள்ளை யூனிஃபார்ம், அன்னிக்குத்தான் பி.டி. பீரியடும் இருக்கும். அந்த வெள்ளைல பொண்ணு எப்படிங்க ஓடுவா? ஓடும்போது ஒரு கை பின்னாடி டாப்பை இழுத்து விட்டுட்டே இருக்கும், ரிங் பிடிக்க வேண்டிய கை அது. விம்பிள்டன்லயே 2023லேருந்து பெண்கள் உள்ள டார்க் கலர் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம்னு மாத்திட்டாங்க, இங்கிலாந்து பெண்கள் ஃபுட்பால் டீம் அதே வருஷம் வெள்ளை ஷார்ட்ஸ விட்டு நீலத்துக்கு மாறிடுச்சு. எங்க ஸ்கூல் டீமுக்கு ஜெர்சி எடுக்கும்போது ட்ராக் பேன்ட் நேவி ப்ளூதான்னு நான் அடம்பிடிச்சு வாங்கினேன், பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அம்மா எழுந்திருச்சு "இதுக்காகவே என் பொண்ண அனுப்பறேன் மிஸ்"னாங்க. நீங்களும் அந்த நாள்கள்ல கருப்போ நேவியோ போட்டுக்கங்க, உள்ள டைட்டா ஒரு ஷார்ட்ஸ் போட்டா பேட் நகராது.

பேட்னா ஜிம்முக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி புதுசு மாத்துங்க, முடிச்சு வந்ததும் உடனே மாத்துங்க, வேர்வையோட அப்படியே இருந்தா தொடை இடுக்குல உராய்ஞ்சு புண்ணாயிடும், அந்த எரிச்சல்ல மறுநாள் நடக்கவே முடியாது. லேசா தேங்கா எண்ணெய் தடவிட்டுப் போனா உராய்வு கொறையும். மென்ஸ்ட்ருவல் கப் (உள்ள வச்சு ரத்தத்தைப் பிடிக்கற சின்னக் கிண்ணம்) பழகினவங்களுக்கு ரொம்ப சௌகரியம், 12 மணி நேரம் வரைக்கும் வச்சுக்கலாம், ஸ்விம்மிங் போகணும்னா கப்போ, டேம்பூனோதான் (உள்ள வைக்கற பஞ்சு உருளை) வழி. டேம்பூனை 8 மணி நேரத்துக்கு மேல விடக் கூடாது, அபூர்வமா ஆபத்தான இன்ஃபெக்‌ஷன் வரும். இன்னொன்னு, பாத்ரூம் சரியில்லன்னு தண்ணியே குடிக்காம மேட்சுக்கு வர்ற புள்ளைங்க இருக்காங்க, அந்தத் தலைவலியும் மயக்கமும் தண்ணி இல்லாததால வர்றது. ஜிம்ல சேர்றதுக்கு முன்னாடி மெஷினைப் பார்க்கற மாதிரி லேடீஸ் டாய்லெட்ல தண்ணி வருதா, டஸ்ட்பின் இருக்கான்னும் பார்த்துட்டுச் சேருங்க.

யோகா பத்தி: சிரசாசனம், சர்வாங்காசனம் மாதிரி தலைகீழ் ஆசனம் அந்த நாள்ல வேணாம்னு யோகா மாஸ்டர்ங்க சொல்லுவாங்க, ரத்தம் உள்ள திரும்பிப் போயி எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்பக்க லேயர் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியில வளர்ற நோய்) வரும்னு காரணம் சொல்றாங்க. கொஞ்சம் ரத்தம் கருக்குழாய் வழியா வயித்துக்குள்ள போறது பெரும்பாலான பெண்களுக்கு, தலைகீழா நிக்காதவங்களுக்கும், இயல்பாவே நடக்கறதுதான், ஆசனத்தால அந்த நோய் வரும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. அன்னிக்கு அசௌகரியமா இருந்தா விட்டுடுங்க, அவ்ளோதான். பாலாசனம், பூனை மாதிரி முதுகை வளைச்சு நிமித்தறது, ரெண்டு பாதத்தையும் சேத்து உக்காந்து முட்டிய விரிக்கறது, இந்த மூணும் இடுப்பு வலிக்கு ரொம்ப எதமா இருக்கும்.

மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க. அவங்க காலத்துல துணிதான், அத அலசிக் காயவைக்க மறைவான இடம் தேடணும், வீட்டு வேலை காட்டு வேலைன்னு ஓயாத உடம்புக்கு அந்த மூணு நாள்தான் கெடைச்ச ரெஸ்ட். "உடம்பைக் கெடுத்துக்காத"ங்கற பயத்துலதான் சொல்றாங்க. நாத்து நடற, களை எடுக்கற பொம்பளைங்க அந்த நாள்லயும் குனிஞ்சு நிமிந்து வேலை பார்த்தவங்கதானேன்னு பொறுமையா பேசிப் பாருங்க, அவங்களே அத நேர்ல பார்த்திருப்பாங்க.

ஜிம்ல என்ன பண்றதுன்னா, முதல் நாள் வலி இருந்தா 20 நிமிஷம் நடை, ஸ்ட்ரெட்சிங், அது போதும். வலி இல்லாதவங்க வழக்கமான வெயிட்டையே தூக்கலாம். புதுசா மேக்ஸ் வெயிட் ட்ரை பண்றத வேற நாளைக்கு வச்சுக்கங்க, வயித்தை அமுக்கற க்ரன்ச்சஸ் கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. ட்ரெய்னர்கிட்ட காரணம் சொல்ல கூச்சமா இருந்தா "இன்னிக்கு லைட்டா பண்றேன்"னா போதும். வெறும் வயித்துல போகாதீங்க, ஒரு வாழப்பழமாவது சாப்பிட்டுட்டுப் போங்க. வெந்நீர்ப் பை ஒத்தடமும் நல்லா கேக்கும். மெஃபனாமிக் ஆசிட் மாதிரி வலி மாத்திரை போடறவங்க சாப்பிட்ட பிறகு போடுங்க, வலி உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டாத்தான் நல்லா கேக்கும். 2023 கடைசியில இந்த மருந்து அபூர்வமா கடுமையான அலர்ஜி உண்டாக்கலாம்னு இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரிக்கை விட்டிருக்கு, அதனால மெடிக்கல்ல நீங்களா வாங்கி மாசாமாசம் போடாம டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க. அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க கண்டிப்பா கேக்கணும்.

சில விஷயத்துக்கு எக்சர்சைஸ் பதில் இல்ல, நேரா லேடி டாக்டர்கிட்ட போகணும். ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைஞ்சுதுன்னா, பத்து ரூபா காயின் சைஸ்ல கட்டி கட்டியா போச்சுன்னா, 7 நாளைக்கு மேல நிக்கலன்னா. மாத்திரை போட்டும் எந்திரிக்க முடியாத வலின்னா, இல்ல பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் அடிவயிறு வலிச்சா எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம், பத்துல ஒரு பெண்ணுக்கு இருக்கற நோய் அது, "எல்லாப் பொண்ணுக்கும் வலிக்கத்தான் செய்யும்"னு சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கா கண்டுபிடிக்காம விட்டுடறாங்க. அதே மாதிரி ஜிம்ல சேர்ந்து டயட்டுன்னு சாப்பாட்டை ரொம்பக் கொறைச்சு, அப்பறம் மூணு மாசம் பீரியட்ஸே வரலன்னா (கர்ப்பம் இல்லன்னு முதல்ல பார்த்துட்டு) நல்லதாப் போச்சுன்னு விட்டுடாதீங்க, செய்யற உழைப்புக்கு சாப்பாடு பத்தலன்னா உடம்பு முதல்ல நிறுத்தறது அதைத்தான், எலும்பும் அதோட சேந்து தேயும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எந்தத் தேதி வந்துது, எத்தன பேட் மாத்தினீங்க, எந்த நாள் என்ன எக்சர்சைஸ் பண்ணினீங்க, வலி எப்படி இருந்துதுன்னு ஒரு நோட்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, பாதி கேள்விக்கு அதுலயே பதில் இருக்கும்.