எத்தனை பல் ஃபிளாப்? 900 அடிச் சரளைத் திட்டும் ஒரு செஸ்னா 180-ம்

கேள்வி: அலாஸ்காவில், ஆங்கரேஜில் வசிக்கிறேன். போன குளிர்காலத்தில் 1973-ஆம் வருட செஸ்னா 180 சிறு விமானம் ஒன்றை வாங்கினேன். நிக் ஆற்றில் ஒரு சரளைத் திட்டில் இறங்கி முகாம் போட ஆசை. நீளம் சுமார் 900 அடி. ஒரு முனையில் 50 அடி மரங்கள், மறுமுனையில் ஆறு. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) போடாமல் ஓடி, வேகம் வந்ததும் லிவரை ஒரே இழுப்பில் 40 பாகைக்கு இழுத்தால் விமானம் துள்ளி எழும் என்கிறார் விமானத்தை வாங்கித் தந்த தரகர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். புறப்பட 20 பாகை, இறங்க 40 பாகை. உங்கள் விமானத்தின் கையேடும் குறுகிய இடத்திலிருந்து புறப்பட 20 பாகைதான் சொல்கிறது.

ஃபிளாப் கீழே மடங்கும்போது இறக்கையின் வளைவு கூடுகிறது. அதனால் குறைந்த வேகத்திலேயே விமானத்தைத் தாங்க முடிகிறது. ஆனால் இந்த லாபம் பெரும்பாலும் முதல் 20 பாகையிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு பல்லும் (லிவர் மாட்டி நிற்கும் வெட்டு) தூக்குவிசையைக் கொஞ்சமும் காற்றின் இழுவையை நிறையவும் கூட்டும். அதாவது முதல் பாதி இறக்கை, மறுபாதி பிரேக். புறப்படும்போது யாராவது பிரேக் போடுவார்களா?

வேகம் குறைவதன் அருமையை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 1970-களின் செஸ்னா 172 ஃபிளாப் இல்லாமல் மணிக்கு 57 மைலில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும்; முழு ஃபிளாப்பில் 49 மைலில். எட்டே மைல்தான். ஆனால் தரையில் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்த எட்டு மைலே ஓட்டத்தில் கால்பங்கைக் குறைத்துவிடும். இதையே திருப்பிப் பாருங்கள்: இறங்கும்போது 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால் ஓட்டம் 21 சதவீதம் நீளும். ஃபிளாப் சம்பாதித்துக் கொடுத்ததை வேகமானியைக் கவனிக்காமல் தொலைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, உங்கள் திட்டுக்கு வருவோம். முழு எடையான 2,800 பவுண்டில், கடல்மட்டத்தில், காற்றில்லாத நாளில் உங்கள் விமானம் தரையில் 625 அடி ஓடி எழும்பும் என்பது செஸ்னா தந்த கணக்கு. ஆனால் 50 அடித் தடையைத் தாண்ட 1,205 அடி வேண்டும். இறங்கும்போது தரை ஓட்டம் 480 அடி. 50 அடித் தடைக்கு மேலாக வந்தால் 1,365 அடி. இவை கெட்டியான ஓடுபாதையில், புது விமானத்தில், கை தேர்ந்த விமானி எடுத்த எண்கள். உங்களிடம் இருப்பது 900 அடி. ஆக, மரங்களைத் தாண்டிப் புறப்படவும் முடியாது, தாண்டி வந்து இறங்கவும் முடியாது. எத்தனை பாகை போட்டாலும் இது மாறாது. ஆற்றுப் பக்கமிருந்து வந்து மரங்களை நோக்கி இறங்குங்கள், மரங்களுக்கு முதுகைக் காட்டி ஆற்றை நோக்கிப் புறப்படுங்கள். காற்று இதற்கு ஒத்துவராத நாளில் வீட்டிலேயே இருங்கள்.

தரகர் சொன்ன 'லிவர் இழுப்பு' முழுப் பொய்யும் அல்ல, அதனால்தான் ஆபத்து. அது உண்மையில் பலிக்கிற இடம் தண்ணீர். உங்கள் ஊரின் லேக் ஹுட் விமானத் தளத்து ஏரியில் மிதவை போட்ட 180 ஒன்று புறப்படுவதைக் கரையில் நின்று பாருங்கள். மிதவைகள் தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும், ஆனால் விடுபடாது. தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். அப்போது விமானி இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் லிவரை ஒரு பல் மேலே இழுப்பார். மிதவை அரை அடி எழும்பும், தண்ணீரின் பிடி சட்டென்று விடும், விமானம் வேகம் பிடிக்கும். உடனே கட்டைவிரலால் பொத்தானை அழுத்தியபடி லிவரை மெதுவாகப் பழைய பல்லுக்கு இறக்குவார். கவனியுங்கள், அவர் இழுத்தது ஒரு பல். தண்ணீரின் இழுவை அவ்வளவு பெரிது என்பதால், ஃபிளாப்பின் கூடுதல் இழுவையை ஏற்றுக்கொண்டும் லாபம் வருகிறது. எழும்பாவிட்டால் மறுபடி தண்ணீரில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ஓட எதிரே ஏரி இருக்கிறது. ஆழமான பனியில் பனிச்சறுக்கி போட்டுப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கெட்டிச் சரளையில் சக்கரத்தின் இழுவை சிறியது. அதிலிருந்து விடுபட்டு மிச்சமாவது கொஞ்சம். 40 பாகையில் வந்து சேர்வதோ மலை போன்ற இழுவை. துள்ளி எழும்புவது நிஜம்தான். ஆனால் எழும்பிய விமானம் தரையையொட்டிய காற்று மெத்தையில் தொங்கிக்கொண்டிருக்கும், மேலே ஏறாது, வேகமும் கூடாது. பயந்துபோய் லிவரைச் சட்டென்று கீழே விட்டால் அப்படியே தரையில் அறையும்.

இறங்கும்போது முழு 40 பாகை. 180-ல் ஒன்றை மறக்காதீர்கள். 40 பாகையில் ட்ரிம் செய்து (கையை எடுத்தாலும் மூக்கு அதே நிலையில் நிற்கும்படி சமன் செய்து) இறங்கி வரும்போது மனம் மாறி முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்தால் மூக்கு பலமாக மேலே எழும். இரண்டு கையாலும் தள்ள வேண்டும் போலிருக்கும். ஒரு கை மூக்கை அமுக்க, மறு கை 40-லிருந்து 20-க்கு லிவரை இறக்க வேண்டும். இதை 3,000 அடி உயரத்தில் பத்து முறை செய்து பழகுங்கள். உங்கள் திட்டில் இறங்கும் திசையில் எதிரே மரம். அதனால் திரும்ப ஏறும் முடிவைத் திட்டின் விளிம்புக்கு வெகு முன்பே எடுத்துவிட வேண்டும். சக்கரம் தொட்டதும் லிவரைக் கீழே இறக்கி ஃபிளாப்பை எடுத்துவிட்டால் எடை சக்கரத்தின் மேல் வந்து பிரேக் பிடிக்கும். வால் தூக்கி நிற்கும்போது மட்டும் பிரேக்கை மிதிக்காதீர்கள், மூக்குக் குத்திவிடும்.

இப்போது தரகர்கள் விஷயம். அடுத்து உங்களிடம் அவர் 'ஷார்ட் டேக்-ஆஃப் கிட்' ஒன்றை விற்க வருவார். இறக்கையின் முன்விளிம்பில் மாட்டும் வளைவு, வரிசையாக ஒட்டும் சிறு தகடுகள். அவை வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டும் வீடியோவில் வேகமானி முள் எங்கே நிற்கிறது என்பதை நம்பாதீர்கள். மூக்கைத் தூக்கிப் பறக்கும்போது வேகமானிக்கான காற்றுக்குழாய்க்குள் காற்று சாய்வாக நுழைகிறது. முள் உண்மை வேகத்தைவிட நன்றாகக் குறைத்துக் காட்டும். 'பாருங்கள், 35-ல் பறக்கிறது' என்பதன் ரகசியம் பாதி இதுதான்.

என்னிடம் பயின்ற ஒருவர் இப்படி ஒரு விமானத்தை வாங்கினார். முன்விளிம்பு வளைவு பளபளவென்று இருந்தது. பதிவேட்டைப் புரட்டினால் அதைப் பொருத்தியதற்கான 337 படிவமே (விமானத்தில் செய்யும் பெரிய மாற்றத்துக்கான சட்டப் பதிவு) இல்லை. விற்றுத் தந்தவர் போனை எடுக்கவில்லை. அந்தக் கோடை முழுதும் அந்த விமானம் கயிற்றில் கட்டித்தான் கிடந்தது. பணம் கொடுக்கும் முன் 337 படிவத்தையும் கிட்டின் துணை வகைச் சான்றிதழையும் (அந்த மாற்றத்தை அரசு ஏற்றதற்கான சான்று) கையில் வாங்கிப் பாருங்கள்.

சான்றிதழ் இருந்தாலும் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கூடவே தரும் கையேட்டுத் தாளில் பெரும்பாலும் ஒரே வரி: 'செயல்திறன் பழைய அளவுக்குச் சமம் அல்லது மேல்.' ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்கியவனுக்கு எத்தனை அடி என்று ஒரு எண் கிடையாது. அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதை ஏற்றுக்கொள்கிறது. அதே நிர்வாகம் உங்கள் 180 போன்ற வால்சக்கர விமானம் ஓட்ட ஒரு பயிற்றுநரின் கையெழுத்தைக் கேட்கிறது, ஆனால் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று எதுவும் சொல்லவில்லை. சரளையில் ஒருமுறைகூட இறங்காமல் அந்தக் கையெழுத்தை வாங்கிவிடலாம். எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில்தான்.

ஒரு நாள் ஒதுக்குங்கள். முகாம் மூட்டை எடையோடு உயரத்துக்குப் போய் 40 பாகையில் ஸ்டால் செய்து, கையேட்டில் இருக்கும் திருத்த அட்டவணையைக் கொண்டு உண்மை வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அதை 1.3-ஆல் பெருக்கி, அதே அட்டவணையில் முள்ளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் அதுதான் உங்கள் அணுகு வேகம், அதாவது இறங்க வரும்போது வைத்திருக்க வேண்டிய வேகம். அப்புறம் லேக் ஹுட்டின் 2,200 அடிச் சரளை ஓடுபாதையில் பத்து முறை இறங்கி ஏறுங்கள். ஓரத்தில் நண்பர் ஒருவர் நின்று தூரத்தைக் குறிக்கட்டும். பத்தில் மோசமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல.

திட்டில் புறப்படும்போது பாதித் தூரத்தில், அதாவது 450 அடியில், ஒரு ஆரஞ்சுத் துணியைக் கல் வைத்துக் கட்டுங்கள். அதைக் கடக்கும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் த்ராட்டிலை மூடிவிட்டு, மூட்டைகளில் பாதியை இறக்கி வைத்து, இரண்டு நடையாகப் போங்கள்.