பாயில் இருந்து எழும்புவது

அன்பின் தம்பி,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். படிப்பித்து ஓய்வு பெற்றவள், வயது 63. லண்டனில் இருக்கும் மகள் யோகா வீடியோ அனுப்புகிறாள். அதில் வரும் பிள்ளை காலைத் தூக்கித் தலைக்கு மேலே போடுகிறது. எனக்கோ பாயில் இருந்தால் எழும்ப ஒரு ஆள் வேணும். போன கிழமை செத்த வீட்டில் எல்லாரும் கீழே இருக்க, நான் மட்டும் கதிரை கேட்க வெட்கமாகிப் போனது. பிறஷருக்குக் குளிசை எடுக்கிறேன். இந்த வயதில் யோகா தொடங்கலாமா?

அன்பின் அக்கா,

தொடங்கலாம், அந்த வீடியோவை மட்டும் விட்டுவிடுங்கள். பாயில் இருந்து எழும்புவதுதான் உங்களுக்கு ஆசனம். பகிடி இல்லை. பிரேசிலில் அரௌஜோ என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் இருக்கவும் பிறகு எழும்பவும் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்துப் பத்துக்குப் புள்ளி போட்டார்கள். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வெட்டு, தள்ளாடினால் அரை. குறைந்த புள்ளிக்காரர்களில்தான் பிறகு வந்த வருசங்களில் இறப்பு அதிகம் என்று 2012இல் வெளியிட்டார்கள். பயந்துவிடாதீர்கள், எழும்ப முடியாமல் போனதால் யாரும் சாகவில்லை. தொடைப் பலம், சமநிலை, மூட்டு அசைவு மூன்றையும் அது ஒரேயடியாகக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

நம்முடைய பக்கம் முன்பு இதைத் தனியாகப் பழகத் தேவையிருக்கவில்லை. சாப்பாடு, தேங்காய் திருவுவது, கோயில் அன்னதானம் எல்லாம் தரையில்தானே. இப்போது பந்தலுக்கு முன்னமே பிளாஸ்டிக் கதிரை வந்து இறங்கிவிடுகிறது. (கதிரை கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது வேறு கதை.)

உடனே தரைக்குப் போகவேண்டாம். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து, முடிந்தால் கை ஊன்றாமல், மெல்ல எழும்புங்கள், அதைவிட மெல்ல இருங்கள். எந்தக் காலில் பாரம் கூட விழுகிறது, முழங்கால் உள்ளே சரிகிறதா, மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா என்று அந்த நேரம் கவனியுங்கள், யோகா என்று நான் சொல்வது இந்தக் கவனத்தைத்தான். தொடை உழைந்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினால் அன்றைக்கு அதோடு நிறுத்தவேண்டும். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நில்லுங்கள். இதெல்லாம் பழகிய பிறகு உயரம் குறைந்த பலகையில் இருந்து எழும்புங்கள், கடைசியில் பாய், அதுவும் முதல் தடவைகளில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. சித்திரை வெயிலில் விடியவே முடித்துவிடுங்கள்.

பிறஷர்க் குளிசை எடுப்பவர்கள் படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றக்கூடும். பக்கவாட்டில் சரிந்து, இருந்து, கொஞ்சம் பொறுத்து எழும்புங்கள். தலைகீழாக நிற்பதும் மூச்சை அடக்குவதும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம், யார் சொன்னாலும். எலும்பு பலமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தால், முதுகை வளைத்துக் குனிந்து கால்விரலைத் தொடுவதையும் விடுங்கள், முள்ளெலும்பு நொறுங்க இடமுண்டு. அடுத்த கிளினிக்கில் முழங்காலையும் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.