எண்பது வயது அம்மாவின் கேக்கில் என்ன எழுதலாம்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடுத்த மாதம் அம்மாவுக்கு 80 வயது நிறைகிறது. அப்பா இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோரும் கூடுகிறோம். ஒரு கிலோ கேக் சொல்லலாம் என்றிருக்கிறோம். வழக்கமான ஆங்கில வாழ்த்தை அம்மாவால் படிக்க முடியாது, தமிழ் நன்றாகப் படிப்பார். ஒரு கண்ணில் புரை இருக்கிறது. 'நூறாண்டு வாழ்க' என்று எழுதலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு என்ன எழுதலாம்?"

உங்கள் மனசு சொல்வது சரிதான். நாற்பது வயதுக்காரருக்கு 'நூறாண்டு வாழ்க' நிறைவான வாழ்த்து. எண்பதில் இருப்பவரை அது மிச்சக் கணக்குப் போட வைத்துவிடும். துணையை இழந்தவர்கள், மூட்டுவலியோடு நாளை ஓட்டுகிறவர்கள், "இன்னும் இருபது வருஷமா? வேண்டாம்ப்பா" என்று சபையிலேயே சொல்லிவிடுவார்கள். வயதான அம்மா அப்பாவுக்கு எழுதும்போது இனி வரும் ஆண்டுகளை விட்டுவிடுங்கள். அவர் உங்களுக்கு யார் என்பதை எழுதுங்கள்.

"எங்க அம்மாவுக்கு 80". என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் பேசுகிற மாதிரியே 'எங்க' என்று இருக்கட்டும். அதில் உரிமையும் பெருமையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அம்மாவை 'நீ' என்று கூப்பிடும் வீட்டில் கேக்கில் மட்டும் 'தாங்கள்' என்று எழுதினால் யாரோ அனுப்பிய வாழ்த்து மாதிரி ஆகிவிடும். பேரப்பிள்ளைகளுக்காக 'பாட்டி', 'ஆச்சி' என்று எல்லா முறையையும் சேர்க்க நினைப்பீர்கள். வேண்டாம். ஒரு குரலில் இருந்தால்தான் வரி நிற்கும். கேக் பிள்ளைகள் குரலில் இருக்கட்டும், பேரன் பேத்திகள் கையால் எழுதிய அட்டை ஒன்று கொடுக்கட்டும்.

இன்னொரு வரி உங்கள் அம்மாவுக்கு மிகவும் பொருந்தும்: "ஆயிரம் பிறை கண்ட அம்மா". ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சுமார் 29 1/2 நாள். ஆயிரம் பிறைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 வருடம் 10 மாதம் வரும். எண்பதைத் தொட்டவரை அப்படிச் சொல்வது நம் வழக்கம்தான், சில மாதத்தை யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்யும் சதாபிஷேகத்தைப் பெரும்பாலும் தம்பதியாக உட்காரவைத்துத்தான் செய்கிறார்கள். அப்பா போன பிறகு, அதே எண்பதைத் தொட்ட அம்மாவுக்கு அந்தச் சிறப்பு பல வீடுகளில் இல்லாமலே போய்விடுகிறது. அவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார். அந்த மரியாதையைப் பிள்ளைகளே எழுத்தில் கொடுக்கலாம். எண்பது நிறைவைக் குறிக்கும் 'முத்துவிழா' என்றும் போடலாம், ஆனால் அது அழைப்பிதழில் படிப்பதுபோல இருக்கும்.

அப்பாவின் பெயரையோ படத்தையோ கேக்கில் சேர்க்க வேண்டாம். கத்தி அதன் மேல்தான் இறங்கும். அவர் படம் மாலையோடு கூடத்தில் இருக்கட்டும். அம்மாவின் படத்தை அச்சடித்து ஒட்டுவதற்கும் இதையேதான் சொல்வேன்.

வயதை எழுதும் முன் ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன தேதி. வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். வயதைச் சபையில் சொன்னால் கண் படும் என்று நினைப்பவராக இருந்தால் எண்ணை விட்டுவிடுங்கள்.

இனி எழுத்து வேலை. ஒரு கிலோ வட்டக் கேக் பெரும்பாலும் 8 அங்குல அகலம் இருக்கும். ஓரத்துப் பூ வேலை போக எழுத 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். புரை உள்ள கண்ணுக்கு எழுத்து 2 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு வரிக்கு ஆறேழு எழுத்து, மொத்தம் மூன்று வரி. "ஆயிரம் / பிறை கண்ட / அம்மா" என்று பிரித்தால் அழகாக உட்காரும். வெள்ளைக் கிரீமில் அடர்ந்த சாக்லேட் நிறத்தில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளையின் மேல் மஞ்சளும் இளஞ்சிவப்பும் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அடர் சிவப்பு, கிரீமில் நேரம் ஆக ஆகக் கசியும்.

கடையில் ஆர்டர் எடுப்பவர் சீட்டில் தமிழை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொள்வது உண்டு. உள்ளே இருக்கும் கேக் மாஸ்டருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். அவர் சீட்டில் இருப்பதை அப்படியே போட்டுவிடுவார். அதனால் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில், வரி பிரித்து, புள்ளிகளைத் தடித்துக் காட்டி எழுதிக் கொடுங்கள். முதலில் தவறுவது புள்ளிதான். 'அம்மா' என்பது 'அமமா' ஆகி வருவது நடக்கிற விஷயம்.

கிரீமின் மேல் நேரடியாக எழுதுவதைவிட, தனி வெள்ளைச் சாக்லேட் பலகையில் அதே அடர்ந்த நிறத்தில் எழுதி மேலே வைத்துத் தரச் சொல்வது இன்னும் நல்லது. கிரீமில் பிழையைத் துடைத்தால் கறை நிற்கும். பலகை என்றால் வேறொன்று எழுதி மாற்றிவிடலாம். வெட்டும் முன் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டால் 'அம்மா' என்ற சொல்லின் மேல் கத்தி படாது. மெழுகுவத்தியை ஊதி அணைப்பது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது என்றால் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கேக்கை வெட்டச் சொல்லுங்கள். கேக்கை வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துப் பாருங்கள். புள்ளி விட்டுப்போயிருந்தால் மாஸ்டர் அங்கேயே வைத்துக் கொடுத்துவிடுவார்.