பழைய வீட்டில் ஏ.சி.க்குப் புது லைன்: சுவரை வெட்ட வேண்டுமா, கேசிங் போதுமா?

கேள்வி: ‘25 வருடப் பழைய செங்கல் வீடு. உள்சுவர்கள் நாலரை அங்குலம். ஹாலில் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து (கரன்ட்டைப் பல லைனாகப் பிரிக்கும் பெட்டி) படுக்கையறைக்கு 14 மீட்டர் வரும். ஒன்றரை டன் ஏ.சி. வைக்கிறோம். சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பைப்பைப் புதைத்தால்தான் பாதுகாப்பு என்கிறார் எலக்ட்ரீஷியன். சுவர் மேலேயே கேசிங் கேப்பிங் (வயர் ஓடும் பி.வி.சி. பட்டையும் அதன் மூடியும்) போட்டால் ஆபத்தா?’

ஆபத்தே இல்லை. நீங்கள் சொல்லும் சுவருக்குக் கேசிங்தான் சரி. வெளியே தெரிகிற வயரிங் என்றாலே காசில்லாதவர் வீட்டு வேலை என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். செங்கல் சுவரில் படுக்கைவாக்கில் வெட்டும் காடி, சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. செங்குத்தாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 சொல்லும் அளவு இது. நாலரை அங்குலச் சுவர் பூச்சு நீங்கலாக 115 மி.மீ.; ஆறில் ஒன்று 19 மி.மீ. பைப்பே 20 மி.மீ. அதன் மேல் குறைந்தது 12 மி.மீ. பூச்சு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பைப் போன வழியிலேயே விரிசல் கோடு விழும். பழைய பூச்சின் கனம் 12 முதல் 15 மி.மீ.; அதைக் கழித்தாலும் செங்கல்லுக்குள் 17 முதல் 20 மி.மீ. வரை வெட்டியாக வேண்டும், பைப்பை இணைக்கும் கப்ளிங் வரும் இடத்தில் இன்னும் கூடுதலாக. உங்கள் 14 மீட்டரில் பெரும்பகுதி படுக்கைவாக்கில்தான் ஓடும். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் 38 மி.மீ. வரை இடமிருக்கிறது, நானும் மறுக்க மாட்டேன்.

‘நாலரை அங்குலம் வெறும் தடுப்புச் சுவர்தானே, கூரையா விழுந்துவிடும்?’ என்று கேட்பவர்கள் வருவார்கள். கூரை விழாது. ஆனால் பழைய வீடுகளில் பரண் ஸ்லாபும் கதவு நிலையும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கும். உளி அடிக்கிற அடியில் கல் இணைப்பு கழன்றால், கதவைச் சாத்தும்போதெல்லாம் சுவர் அதிரும்.

கேசிங் எங்கே தோற்கிறது என்றால், பெரும்பாலும் ஸ்க்ரூ பிடிப்பில். பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். சின்ன ரவல் பிளக்கை (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) அடித்தால் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். ஆறு மாதத்தில் கேசிங் தொங்கும். 8 எம்எம் பிட், 40 மி.மீ. பிளக், ஒன்றே முக்கால் அங்குல ஸ்க்ரூ வாங்குங்கள். துளை 50 மி.மீ. ஆழம் வர வேண்டும். பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் கண்ணால் அளக்க வேண்டியதில்லை. டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், அது பூச்சு. பிறகு சிவப்பு வந்தால் கல்லில் இறங்கிவிட்டது. கடைசி வரை சாம்பலாகவே கொட்டினால் கல் இணைப்புச் சந்தில் போகிறீர்கள் என்று அர்த்தம். மேலேயோ கீழேயோ இரண்டு விரற்கடை நகர்த்திப் புதுத் துளை போடுங்கள். தூளை ஊதி எடுத்த பிறகே பிளக். ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ 45 செ.மீ., மூலைகளிலும் முனைகளிலும் 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. கடலோர ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள், மற்றது துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கும்.

லைன் ஓடும் பாதை: டிபி பாக்ஸிலிருந்து நேர் மேலே ஏறி, சீலிங்குக்குக் கீழே 15 செ.மீ. விட்டு மட்டமாக ஓடி, ஏ.சி.யின் ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே வந்து இறங்க வேண்டும். குறுக்காக இழுத்தால் இரண்டு மீட்டர் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுவரைத் தாண்டும் இடத்தில் முதலில் 6 எம்எம் பிட்டால் மறுபக்கம் வரை ஒரு துளை விட்டு, பிறகு பெரிய பிட்டால் இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக எடுக்க வேண்டும். ஒரே பக்கமிருந்து தள்ளினால் எதிர்ப்பக்கம் பூச்சு தட்டளவு பெயர்ந்து விழும். அந்தத் துளைக்குள் 20 மி.மீ. பைப் துண்டைச் செருகி அதன் வழியாகத்தான் வயர் போக வேண்டும். செங்கல் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும்.

வயர்: 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) காப்பர், ஐ.எஸ். 694 முத்திரையோடு. பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை, மூன்றுமே 4 ஸ்கொயர். பழைய கடைக்காரர் ‘ஏழு இருபது’ என்பார். அது ஏறக்குறைய இந்த அளவுதான். ‘2.5 போதுமே’ என்பவர்களுக்கு: வோல்டேஜ் இழப்பை மட்டும் பார்த்தால் போதும்தான். போக வர 28 மீட்டரில், 8 ஆம்பியரில், 2 வோல்ட்கூட இறங்காது. ஆனால் மே மாத இரவில் ஏழெட்டு மணி நேரம் விடாமல் ஓடும் லோடு அது. வோல்டேஜ் குறைந்தால் இன்வெர்ட்டர் ஏ.சி. கரன்ட்டைக் கூடுதலாக இழுக்கும். வயரும் டெர்மினலும் சூடேறாமல் இருக்கத்தான் 4. மூன்று வயருக்கும் சேர்த்து 42 மீட்டர். டிபி பாக்ஸில் ஒரு மீட்டரும் ஏ.சி. பாக்ஸில் ஒரு முழமும் மிச்சம் விட்டால் 47 மீட்டர் ஆகும். முழு காயில் 90 மீட்டர், அதனால் வெட்டிக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். 25 மி.மீ. கேசிங், 2 மீட்டர் நீளத்தில் எட்டு. வயரில் நடுவில் எங்கும் ஜாயின்ட் கூடாது. பழைய ப்ளக் பாயின்ட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவது அதைவிட மோசம். அந்த நியூட்ரல் வேறு ஆர்.சி.சி.பி.யின் (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கீழ் இருந்தால், ஏ.சி.யைப் போட்டதும் ட்ரிப் ஆகும். உடனே ஆர்.சி.சி.பி.தான் கெட்டது என்று அதைக் கழற்றி எறிவார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பல இடங்களில் வயரிங் கூலி பாயின்ட் கணக்கு. ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், நேராக ஏறி நேராக இறங்கும் ஒவ்வொரு மீட்டரும் வேலை செய்பவருக்கு நஷ்டம். பிறகு குறுக்கே காடி வெட்டினார், எர்த்தை விட்டுவிட்டார் என்று அவரையே திட்டுகிறோம். டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் வீட்டில் பச்சை வயருக்குப் பேரம் நடக்கிறது. பெயின்டர் விஷயம் தனி. கேப்பிங்கின் பொருத்துச் சந்தில் பட்டி போட்டுப் பூசிவிட்டால், பின்னால் திறக்கும்போது பட்டை உடையாமல் வராது. திறந்து பார்க்க முடிவதுதான் கேசிங்கின் முழுப் பயனே. பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேசிங் பிளாஸ்டிக், தீப்பிடிக்கும் என்றும் எழுதுவார்கள். புதைக்கிற பைப்பும் அதே பி.வி.சி.தான். நெருப்பு பெரும்பாலும் தொடங்குவது லூஸாக முறுக்கிய டெர்மினலில், அது இரண்டு முறையிலும் பாக்ஸுக்குள்தான் இருக்கிறது.

டிபி பாக்ஸில் இந்த லைனுக்குத் தனியாக 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்; ஏ.சி. கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரன்ட்டைத் தாங்கும் ‘சி கர்வ்’ வகை), அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். காலி இடம் இல்லையென்றால் பாக்ஸை மாற்றுங்கள், ஒரே எம்.சி.பி.யில் இரண்டு வயரைச் செருக விடாதீர்கள். கேப்பிங் மூடும் முன், வயரின் இரு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது, 500 வோல்ட் மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ வயரின் தோல் கெட்டிருக்கலாம். புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. மெகர் இல்லை என்று சொல்பவரிடம் வாடகைக்காவது எடுத்து வரச் சொல்லுங்கள்.