கட்டியங்காரன் கேட்டால்தான் வேஷம் பேசும்

வாசகர் கேள்வி – பதில்: நண்பர்கள் கூடி நடத்தும் நகைச்சுவை பாட்காஸ்ட்

கேள்வி: பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒன்றாக இருக்கும் நான்கு பேர் நாங்கள். தேவனாம்பட்டினம் பீச்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனை ஆசாமியாக மாறிப் பேசினால், பக்கத்தில் இருப்பவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். அதையே மைக் வைத்துப் பதிவு செய்தால் பத்து நிமிடம் கேட்க முடியவில்லை. என்ன குறை?
– நண்பர்கள், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பீச்சில் யாராவது ஒருவர் கேள்வி கேட்கிற ஆளாக இருந்திருப்பார். மைக் வந்ததும் நான்கு பேரும் வேஷம் கட்டிவிட்டீர்கள்.

உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைக் கவனியுங்கள். முதலில் வருபவன் கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதும் யார், எந்த நாடு, எதற்கு வந்தீர் என்று விசாரிக்கிறான். ராஜா ராஜாவாகவே பேச, இவன் நம் பேச்சில் கேட்கிறான். அந்த விசாரணையில்தான் சபைக்கு ராஜா புரிகிறான், சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது. 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்காட் ஆக்கர்மேன் வானொலியில் தொடங்கி, 2011 முதல் ‘காமெடி பேங் பேங்’ என்ற பெயரில் நடக்கும் பாட்காஸ்டின் அமைப்பும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தொகுப்பாளர் தம் சொந்தப் பெயரில் இருப்பார். எதிரே ஒரு நிஜப் பிரபலமும், நிஜத்தில் இருக்கவே முடியாத ஒரு கற்பனை ஆசாமியும் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே ஒரு பகுதிக்கு, அதாவது ஓர் எபிசோடுக்கு, ஒரே கட்டியங்காரன். அடுத்த பகுதியில் ஆளை மாற்றிக்கொள்ளலாம், நடுவில் மாற்றக் கூடாது. அவர் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். வருகிற ஆசாமி சொல்லும் பெயர், ஊர், உறவு, தொகை எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து ‘உங்க மச்சான் அப்பவே வேண்டாம்னு சொன்னாரே’ என்று கட்டியங்காரன் எடுத்துக் கொடுக்கிறபோது வரும் சிரிப்புக்கு ஈடே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பில் வைத்த பட்டப்பெயர், என்றைக்கோ நடந்த பைக் விபத்து இவையெல்லாம் உங்களுக்குத்தான் சிரிப்பு. எதைத் திரும்ப எடுத்தாலும் அது அந்தப் பகுதிக்குள்ளேயே முதலில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பழைய நட்பின் பயன் பழைய சம்பவங்களில் இல்லை. எவர் எப்போது மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பார் என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறதே, அதுதான் மூலதனம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

கேள்வி: கேரக்டர் பிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. வாயைத் திறந்தால் குடிகாரர், ஜோசியர், வாய்ச்சவடால் அரசியல்வாதி, இந்த மூன்றும்தான் வருகின்றன.
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும், அதனால்தான் சுவாரஸ்யம் இல்லை. ஒரு சிறு சீட்டில் நான்கே வரி எழுதுங்கள்: ஆசாமியின் வேலை, அவர் முழுசாக நம்பும் ஒரே ஒரு தப்பான விஷயம், இன்றைக்கு அவருக்குத் தேவையானது, குரல். குரல் கடைசியில்தான். கிறுக்குக் குரலில் தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும், சொல்ல விஷயமும் இருக்காது. வேகத்தை மட்டும் மாற்றுங்கள், போதும். வாக்கிய முடிவில் இரண்டு நொடி நிற்கிற ஆள் என்பதே ஒரு குரல்தான்.

உங்கள் ஊர் உதாரணம் ஒன்று. புதுச்சேரிக் கடற்கரையில் அலைகளை எண்ண பிரெஞ்சு அரசாங்கம் நியமித்த குமாஸ்தா. எண்ணுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் இன்னும் எண்ணுகிறார். நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்த இடைவெளியில் கரைக்கு வந்த அலைகள் எந்தக் கணக்கில் சேரும் என்பது அவருடைய வழக்கு. தேவை, ஒரு கையெழுத்து. ஆள் அபத்தம், தேதிகள் நிஜம். அந்த நிஜம் கீழே இருப்பதால்தான் மேலே எவ்வளவு அபத்தத்தை ஏற்றினாலும் நிற்கிறது.

இனி எல்லாம் கேள்வியில் இருக்கிறது.

‘பகல்ல நீங்க எண்றீங்க. ராத்திரி?’
‘ராத்திரி டூட்டி என் மச்சான் சார். அவரு பத்துப் பத்தா எண்ணுவாரு. ஆடிட்ல மாட்டிக்கிட்டோம்.’
‘ரெண்டு அலை ஒண்ணா சேர்ந்து வந்தா?’
‘பெரிசை எழுதிட்டு, சின்னதைத் துணை அலைன்னு போடணும். துணை அலைக்குப் படி கிடையாது.’

கேட்பவர் நம்பிக் கேட்கிறார். கேள்வி சின்னது. யார், எத்தனை மணிக்கு, சம்பளம் எவ்வளவு, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்ற அளவிலேயே இருக்கிறது. இதற்குப் பதிலாக ‘எவனாவது அலையை எண்ணுவானா?’ என்று கேட்டுப் பாருங்கள். குமாஸ்தா தற்காப்பில் இறங்கிவிடுவார், ஆசாமி அங்கேயே செத்துப்போவார். ‘ஏதாவது வேடிக்கையா சொல்லுங்க’ என்பதும் அதே கொலைதான்.

முதல் அரை நிமிடத்துக்குள் பெயர், வேலை, வந்த காரணம் மூன்றும் வெளியே வந்துவிட வேண்டும். முதல் சிரிப்பு எந்த விவரத்துக்கு வந்ததோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே அது ‘அரசு அலுவலக விதியை அலைக்குப் போடுவது’. அதையே வீட்டில், கோர்ட்டில், கல்யாணத்தில் என்று மூன்று இடத்துக்குக் கொண்டுபோய், மூன்றாவது இடத்தில் சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே திசை மாற்றுங்கள். நான்காவதுக்குப் போனால் தொய்யும். ஓர் ஆசாமி தனியாக எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் தாங்குவார். இரண்டாமவர் அதற்குப் பிறகுதான் வர வேண்டும், வரும்போதே முதல் ஆசாமியோடு ஒரு வழக்கு இருக்க வேண்டும். அலையை நுரை நீக்கித்தான் எண்ண வேண்டும் என்று வாதாடுகிற தேங்காய்த்திட்டு மீன் வியாபாரி போல.

எதிராளி சொன்னதை மறுக்காதீர்கள், ‘ஆமா, அதோட…’ என்று ஏற்றுக்கொண்டு, கூடவே புதிதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். சிகாகோ மேடைகளில் வளர்ந்த உடனடி நாடகக் கலையின் அடிப்படை இதுதான். இரண்டு ஆசாமிகள் சண்டை போடலாம். ஆனால் அலைக்கு எண்ணிக்கை உண்டு என்பதில் இருவருக்கும் சந்தேகமே வரக் கூடாது.

கேள்வி: ஒத்திகை பார்க்கலாமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: வரிசையைப் பேசிக்கொள்ளுங்கள், வசனத்தைப் பேசாதீர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகத்தான் அமர்த்துவார்கள். கூட்டு ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் சேர்வார்கள். ஆனால் எந்தக் காட்சிக்குப் பின் எது, கோமாளியான பபூன் எப்போது வருவார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மரபின் தலைவாசலான சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது புதுச்சேரியில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஆசாமியைப் பற்றி எழுதிய நான்கு வரிச் சீட்டை மற்றவர்கள் பார்க்கலாம், கட்டியங்காரன் மட்டும் பார்க்கக் கூடாது. அவர் நிஜமாகவே வியந்தால்தான் நல்ல கேள்வி வரும்.

கேள்வி: உப்பளத்தில் 10க்கு 12 அடி அறை. டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். மின்விசிறி சத்தம், ஹாரன், எதிரொலி எல்லாம் விழுகிறது. என்ன மைக் வாங்குவது?
– உப்பளம், புதுச்சேரி

பதில்: கண்டென்சர் மைக் வேண்டாம். தெருவில் போகும் ஐஸ் வண்டி வரைக்கும் அது இழுத்துக்கொண்டு வரும். ஆளுக்கொரு டைனமிக் மைக், கார்டியாய்டு வகை (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிப்பது), மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் கேபிள், நான்கு மைக்கையும் தனித்தனி டிராக்கில் (ஒலித்தடத்தில்) பதிவு செய்யும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அல்லது ரெக்கார்டர். தனி டிராக் இல்லையென்றால் பின்னால் எதையும் சரிசெய்ய முடியாது, இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் அகலம், அதாவது 8 – 10 செ.மீ. பக்கத்து மைக் அதைப் போல மூன்று மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். நடைமுறையில் மூன்றடி இடைவெளி விட்டு உட்காருங்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அந்த முதுகை ஜன்னல் பக்கமோ விசிறிப் பக்கமோ திருப்பி வையுங்கள். ஒருமுறை கை தட்டினால் ‘டங்’ என்று திரும்ப வருகிறதா? பேசுபவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சாய்த்து வைத்து, மேஜையில் கனமான போர்வை போடுங்கள். கோரைப்பாய் பெரிதாக உதவாது. சீலிங் ஃபேனை இருபது நிமிடம் நிறுத்தி, ஐந்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் அதற்கு மேல் தாங்காது, வியர்த்துக்கொண்டு பேசினால் பேச்சின் வேகமும் போய்விடும்.

பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சாதாரணப் பேச்சில் மீட்டர் ஊசி மைனஸ் 18 முதல் மைனஸ் 12 டெசிபலுக்குள் ஆடட்டும். குறைவாகத் தோன்றும், ஏற்றாதீர்கள். சிரிப்பு வெடிக்கும்போது ஊசி பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் உடைந்துவிடும், உடைந்ததை ஒட்ட முடியாது. சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கப் பழகுங்கள். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து எடுத்து பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே அடங்கும்.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக் காற்று மைக் வலையையும் கேபிள் முனையையும் அரிக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் குடும்பத்தோடு பாரீஸ் போய்விட்டார். அவரை விட மனமில்லை.
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: விடவே வேண்டாம். வீடியோ அழைப்பில் பேசுங்கள், ஆனால் அழைப்பின் ஒலியைப் பதிவாக எடுக்காதீர்கள். அவர் குரலை அவர் அங்கே தனி மைக்கில் பதிவு செய்து கோப்பை அனுப்பட்டும். இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் கைதட்டல், முடிவிலும் ஒரு கைதட்டல். முதல் தட்டலைப் பொருத்திவிட்டுக் கடைசித் தட்டலைப் பாருங்கள். இரு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாததால் ஒரு மணி நேரத்தில் 0.1 – 0.2 நொடி விலகியிருக்கலாம். மௌனம் வரும் இடங்களில் வெட்டி நகர்த்தினால் போதும்.

இணையத் தாமதத்தால் பேச்சு மோதும். அதனால் அவர் கட்டியங்காரனாக இருக்கக் கூடாது. நீளமாகக் கதை சொல்கிற ஆசாமியை அவருக்குக் கொடுங்கள், கேள்வி கேட்பவர் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். நேர வித்தியாசம் மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை மூன்றரை மணி, மற்ற மாதங்களில் நாலரை மணி.

கேள்வி: ஒன்றரை மணி நேரம் பதிவாகிறது. எவ்வளவு வெட்டலாம்?
– திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நாற்பது நிமிடம் நல்ல அளவு. ஆசாமி நிலைகொள்ளும் முன் தடவித் திரிந்த இடங்கள், ஒரே விஷயத்துக்கு வந்த இரண்டாவது முயற்சி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியது இவை போகட்டும். பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தைத் தொடாதீர்கள், சிரிப்பின் பாதி அதில் இருக்கிறது. பின்னால் திரும்ப வரும் விவரம் முதலில் வந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள். மச்சானை வெட்டிவிட்டால் கடைசியில் மச்சான் வந்து நிற்கும்போது யாருக்கும் ஒன்றும் புரியாது.

இலவச எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டி போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி இரைச்சலை வடிகட்டி, வெட்டி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போட்டு, மோனோவானால் மைனஸ் 19, ஸ்டீரியோவானால் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஏற்றுங்கள். 96 கேபிபிஎஸ் மோனோ எம்பி3யில் நாற்பது நிமிடம் சுமார் 29 எம்பி வரும்.

கேள்வி: வட்டார வழக்கைக் கிண்டல் செய்தால் சிரிப்பு வருகிறது. செய்யலாமா?
– பண்ருட்டி

பதில்: வேண்டாம். ஆசாமி பேசும் வழக்கு சிரிப்புக்குக் காரணமாக இருந்தால் உங்களிடம் ஆசாமி இல்லை என்று பொருள். பண்ருட்டிக்காரர் பண்ருட்டிப் பேச்சிலேயே, முள்ளை எண்ணிப் பலாப்பழங்களுக்குப் பொருத்தம் பார்க்கிற தரகராக வரட்டும். சாதி, உடல் குறை, அண்டை வீட்டு நிஜ மனிதர், இந்த மூன்றும் பதிவில் வந்துவிட்டால் தயங்காமல் வெட்டுங்கள்.

கேள்வி: நூறாவது பகுதி வருகிறது. பழைய ஆசாமிகளை எல்லாம் அழைத்து, கேட்பவர்கள் முன்னால் கொண்டாட ஆசை.
– நண்பர்கள், அரியாங்குப்பம்

பதில்: அருமையான ஆசை. ஆனால் ‘எல்லாம்’ என்பதைக் குறையுங்கள். ஆறு ஆசாமிகள் போதும், கேட்பவர்களையே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் இழுக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டும். அலைக் குமாஸ்தாவின் பணி ஓய்வு விழா என்று வைத்துக்கொள்ளலாம். கையெழுத்து வந்துவிட்டதா என்பதைக் கடைசிவரை இழுக்கலாம். மேடையில் ஒரு நேரத்தில் கட்டியங்காரனோடு இருவர் மட்டும், ஆளுக்கு ஏழு நிமிடம். பழைய நோட்டை அதற்கு முந்தின வாரமே கட்டியங்காரன் முழுக்கப் படித்துவிட வேண்டும். கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் மச்சானைப் பற்றிக் கேட்பார். புதிதாக வந்தவர்களுக்காக ஒவ்வோர் ஆசாமியையும் முதல்முறை பார்ப்பதுபோலவே விசாரியுங்கள்.

ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் நின்றால் ஊளையிடும். பதிவை மிக்ஸரிலிருந்து நேராக எடுங்கள். சிரிப்புக்காகக் கூட்டத்தை நோக்கித் தனியாக இரண்டு மைக். அவை ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் மேடைக் குரல் அவற்றில் சுமார் 29 மில்லி நொடி தாமதித்து விழும். எடிட்டிங்கில் அந்த டிராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்தாவிட்டால் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ ஒலிபெருக்கி வைக்க முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக் கூடாது. ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்துவிடும்.