ரம்மி தெரிந்தவர் போக்கர் மேசையில் உட்காரலாமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட்டில் புத்தாண்டு இரவுக்கு ‘கேசினோ நைட்’ வைக்கிறார்கள். காசு கிடையாது. ஆளுக்கு 1,000 பாயின்ட் சிப்ஸ், கடைசியில் அதிகம் வைத்திருப்பவருக்கு ஒரு குக்கர். எனக்கு ரம்மி மட்டும்தான் தெரியும். போக்கர் ஆடப் போகலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போய் உட்காருங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். கையில் 2 சீட்டு, நடு மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. அந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

ரம்மிப் பழக்கம் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. ரம்மியில் 5-6-7 சேர வேண்டுமானால் மூன்றும் ஆட்டினாகவோ மூன்றும் இஸ்பேடாகவோ இருக்க வேண்டும். போக்கரில் கலந்து வந்தாலும் ஐந்து தொடர்ந்தால் ஸ்ட்ரெய்ட். தொடராமல் ஐந்துமே ஆட்டின் என்றால் ஃபிளஷ், அது ஸ்ட்ரெய்ட்டைவிடப் பெரிது. ஜோக்கர் கிடையாது.

நான் முதல்முறை ஆடிய இரவில் கையில் ராஜாவும் ஏழும். மேசையில் இன்னொரு ராஜா, இன்னொரு ஏழு. இரண்டு ஜோடி என்ற சந்தோஷத்தில் இருந்த சிப்ஸையெல்லாம் தள்ளிவிட்டேன். மேசையில் மூன்று ஆட்டின் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. எதிரே இருந்த அம்மா நிதானமாக ஆட்டின் 5, ஆட்டின் 8 இரண்டையும் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து என் சீட்டைப் பார்ப்பதற்குச் சமமாக மேசையையும் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே பாருங்கள்.

ரம்மியில் கை மோசமென்றால் முதலிலேயே டிராப் போட்டு 20 பாயின்ட்டோடு தப்பிப்பீர்கள் அல்லவா? இங்கே அதற்குப் பெயர் ஃபோல்டு. கையில் தரும் இரண்டு சீட்டுமே ஏஸாக அமைவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான், அதனால் அடிக்கடி ஃபோல்டு செய்ய வெட்கப்படாதீர்கள். போட்ட சீட்டு என்னவென்று மட்டும் ஆட்டம் முடியும்வரை சொல்லாதீர்கள். இன்னும் ஆடுகிறவர்களுக்கு அது அநியாயம்.

சிப்ஸுக்குப் பின்னால் ரகசியமாகக் காசு பேசினால் உடனே எழுந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல ரம்மி ஜமா அப்படித்தான் கலைந்தது, இன்னும் அவர்களுக்குள் பேச்சில்லை.

அதுவரை வீட்டில் புளியங்கொட்டையைச் சிப்ஸாக வைத்து நாலு பேராகப் பழகுங்கள். ஒரு மணி நேரத்தில் கை வந்துவிடும்.